படத்தில் இருப்பவர் வீட்டிலும் ஒரு படம் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொங்கலையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த செட்டிநாட்டுப் படங்களைப் பார்த்தேன். அடுப்புப் புகைக்கு நடுவே வெயில் இறங்கியிருந்த அந்தப் பெரிய படத்தை எடுத்தவர் நல்ல கைகாரர், விடிவதற்கு முன்னாலேயே வந்து இடம் பார்த்து நின்றிருக்கிறார் என்பது பார்த்தவுடனே தெரிகிறது. அவருக்கு என் பாராட்டைச் சொல்லிவிடுங்கள். ஆனால் படத்துக்குக் கீழே "செட்டிநாட்டில் பொங்கலிடும் பெண்கள்" என்று மட்டும் போட்டிருந்தீர்கள். எடுத்தவர் பெயர் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. கண்டாங்கிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பானைக்கு முன்னால் நிற்கிற ஆச்சி யார், எந்த ஊர், அந்தப் படம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதெல்லாம் தெரியவில்லை.

என் வேண்டுகோள் ஒன்றுதான். பண்டிகை நாளில் ஒருவரைப் படம் எடுத்தால் அதில் ஒரு பிரிண்ட் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். செல்போனில் தட்டிவிட்டால் போதாது, காகிதத்தில் போட்டு, கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி கொடுக்க வேண்டும். பத்திரிகைக்காரர்கள், கல்யாணப் போட்டோ எடுப்பவர்கள், லீவுக்குக் கேமராவோடு எங்கள் ஊர்ப் பக்கம் வருகிற பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் காரைக்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ரோல் போட்டு எடுத்த காலத்தில் தொழிலுக்கு வந்தவன். ஒரு ரோலுக்கு 36 படம், கலர் என்றால் மதுரைக்கு அனுப்பிக் கழுவி வர வேண்டும், வந்து சேரும்வரை என்ன பதிந்திருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அப்படி வந்த படத்தை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பது தொழிலோடு சேர்ந்த வேலை. இப்போது ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் எடுக்கிறோம். பணம் கொடுத்த வீட்டாருக்கு ஆல்பம் போய்விடுகிறது. வாசலில் மாக்கோலம் போட்ட அம்மா, நாயனக்காரர், கோட்டையடுப்பில் நின்று வெந்த சமையல்காரர், பந்தியில் இலைக்கு இலை குனிந்து பரிமாறியவர் இவர்களையும்தான் எடுக்கிறோம், நல்ல நல்ல படமாக விழுகிறது, நாலு பேரிடம் காட்டிப் பேரும் வாங்கிக்கொள்கிறோம். அவர்கள் முகம் நம்முடைய ஹார்ட் டிஸ்கில் கிடக்கிறது, அவர்கள் வீட்டில் இல்லை.

காகிதம் எதற்கு என்று கேட்பவர்கள் எந்த ஊர் ஸ்டுடியோவிலும் ஒரு மாதம் உட்கார்ந்து பார்க்கலாம். பெரியவர் யாராவது தவறிப்போனால், கடை திறப்பதற்கு முன்னாலேயே அந்த வீட்டுப் பிள்ளையோ பேரனோ வந்து ஷட்டர் முன்னால் நிற்பார்கள். கையில் ஆதார் அட்டை இருக்கும். "அண்ணே, இதப் பெருசு பண்ணி மாலை போடுற மாதிரி ஒண்ணு குடுங்க" என்பார்கள். அந்த அட்டையில் இருக்கிற படம் கட்டைவிரல் நகம் அளவு. முகாமில் கூட்டத்துக்கு நடுவே உட்கார வைத்து, முகத்தை நிமிர்த்து என்று அதட்டி எடுத்தது, பாதி நெற்றி வெளிச்சத்தில் வெளுத்து, கண் எங்கேயோ பார்க்கும். அதைப் பன்னிரண்டுக்குப் பத்து சைஸுக்குப் பெரிதாக்கினால் முகம் கலங்கிப்போகும். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து புருவத்தை வரைந்து, பொட்டை வைத்து, சேலைக்கு ஒரு கரை போட்டு, மூக்குத்தி இருந்ததா, எந்தப் பக்கம் என்று அழுதுகொண்டிருக்கிற பேத்தியிடம் கேட்டு ஒருவழியாக முடிக்கும்போது அது வேறு யாரோ ஒரு அம்மாவாக இருக்கும். வாங்கிப் பார்த்துவிட்டு, "சரிண்ணே, பரவாயில்ல" என்று எடுத்துக்கொண்டு போவார்கள். எண்பது வருஷம் வாழ்ந்த மனுஷிக்குச் சுவரில் மாட்ட ஒரு நல்ல முகம் கிடைக்கவில்லை. அதே அம்மாவை மாசி பங்குனித் திருவிழாவில் பால்குடத்தோடு எத்தனை கேமரா எடுத்திருக்கும்!

இதே ஊரில் பெரிய வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி, தேக்குத் தூணுக்கு மேலே வரிசையாகப் படம் சாய்த்து மாட்டியிருக்கும். ரங்கூன், பினாங்கு, சைகோன் என்று கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன ஊரில் ஸ்டுடியோவுக்குப் போய், தலைப்பாகை கட்டி, கோட்டுப் போட்டு, பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்துக் கப்பலில் அனுப்பிய படங்கள். மூன்று வருஷத்துக் கணக்குக்குக் கடல் தாண்டிப் போன மனுஷன் எப்படி இருக்கிறார் என்று ஊரில் இருந்த ஆத்தாவுக்கும் பெண்டாட்டிக்கும் காட்டியது அந்த அட்டைதான். சில படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டியிருப்பார்கள், சங்கிலிக்குத் தனியாக மஞ்சள், கன்னத்தில் லேசாக ரோஸ். நூறு வருஷத்துக்குப் பக்கமான படங்கள்கூட இன்றைக்கும் கண்ணைப் பார்க்கின்றன. அதே வீட்டில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தவர்களுக்கு ஒரு படம் கிடையாது, ஏனென்றால் அன்றைக்குப் படம் என்பது காசு உள்ளவர் காரியம். இன்றைக்கு நாலுக்கு ஆறு பிரிண்ட் ஒன்று டீயும் வடையும் விற்கிற விலைதான். இப்போதும் கொடுக்காமல் இருப்பதற்கு என்ன காரணம் சொல்வது?

எங்களுக்குப் பக்கத்துக் கோட்டையூரில் பிறந்தவர் ஏ.கே. செட்டியார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்துவிட்டு வந்து, காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க நாடு நாடாகப் போய், யார் யாரிடம் காந்தியைப் படம்பிடித்த துண்டு பிலிம் இருக்கிறதோ அவர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டு வாங்கிச் சேர்த்தவர். படம் 1940-ல் வெளியானது. எங்கள் தொழிலில் நான் பெரிதாக நினைப்பது அந்தக் கேட்கிற குணத்தைத்தான். ஒரு முகத்தை எடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும், எடுத்த பிறகு கொடுக்க வேண்டும். நடுவில் இருக்கிற லென்ஸ், வெளிச்சம் எல்லாம் பழகினால் வந்துவிடும்.

எங்கள் பக்கம் தீபாவளி முடிந்தால் பங்குனி உத்திரம் வரை மூச்சுவிட நேரமிருக்காது. கார்த்திகையில் ஆண்பிள்ளைகளுக்குச் சூப்பிடிச் சடங்கு, மார்கழியில் பெண்பிள்ளைகளுக்குத் திருவாதிரைப் புதுமைச் சடங்கு, நடுவில் பிள்ளையார் நோன்பு, அப்புறம் பொங்கல், மஞ்சுவிரட்டு, தைப்பூசத்துக்குப் பழனி நடை, மாசியில் பால்குடம், காவடி, குன்றக்குடித் தேர். இதில் பிள்ளையார் நோன்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், வெளியூர் வாசகர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள், சஷ்டியும் சதயமும் கூடுகிற வேளையில் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில் நடக்கும். புது வேட்டியிலிருந்து 21 நூலிழை எடுத்துத் திரியாகத் திரித்து, இனிப்பு மாவைப் பிள்ளையாராகப் பிடித்து அதில் வைத்து ஏற்றி, ஆவாரம்பூவும் நெற்கதிரும் வைத்துக் கும்பிட்டு, வீட்டுப் பெரியவர் ஒவ்வொருவருக்காக எடுத்துக் கொடுக்க, எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள். இதற்குத்தான் இழை எடுத்துக்கொள்வது என்று பெயர்.

அந்தச் சுடர் உள்ளங்கையிலிருந்து வாய்க்குப் போகிற நேரம் கண் சிமிட்டுகிற நேரம். பிளாஷ் போட்டால் சுடர் செத்துவிடும், முகம் மட்டும் வெள்ளையாக நிற்கும். பிளாஷ் போடாமல், லென்ஸை முழுக்கத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் அந்தச் சின்ன வெளிச்சம் மட்டும் கீழேயிருந்து மோவாயிலும் மூக்கு நுனியிலும் பட்டு, கண்ணுக்குள் ஒரு பொட்டாக நிற்கும். முதல் தடவையாக இழை எடுத்துக்கொள்கிற பிள்ளை பயத்தில் தாத்தாவைப் பார்க்கும், தாத்தா "ம், போட்டுக்க, சுடாது" என்பார். ஐயாவும் பேரனும் ஒரே சுடருக்கு இரண்டு பக்கமாக நிற்கிற அப்படி ஒரு படத்தை நான் எடுத்துக் கொடுத்த வீடு ஒன்று இருக்கிறது. அந்த ஐயா இப்போது இல்லை. பேரன் வெளிநாட்டில் இருக்கிறான், நோன்பன்றைக்கு அங்கே ஊர்க்காரர்களோடு சேர்ந்து இழை எடுத்துக்கொள்கிறான், அந்தப் படத்தையும் உடன் கொண்டுபோயிருக்கிறான் என்று அவன் ஆத்தா சொன்னார்கள். செல்போனில் இருந்திருந்தால் இரண்டு போன் மாற்றியதில் எங்கே போயிருக்குமோ.

நாட்டரசன்கோட்டையில் கண்ணாத்தாள் கோவில் செவ்வாய் பொங்கலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். தையில் பொங்கல் முடிந்து வருகிற முதல் செவ்வாய். கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி, புள்ளிக்கு ஒரு பானை என்று கோவிலுக்கு முன்னால் வரிசையாக அடுப்பு எரியும். முதல் பானை யாருக்கு என்று பெயர்ச்சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள், பணம் பெரிசா பதவி பெரிசா என்பது அதில் இல்லை, சீட்டில் வந்தவர் முதலில் வைப்பார். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் அதற்கென்றே வருவார்கள், வரன் பேசுவதும் அங்கேயே நடக்கும். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே தெருவில் நிற்கிற நாள் அது. பங்காளிகளையெல்லாம் கூப்பிட்டு ஒரு குரூப் படம் எடுத்துக் கொடுங்கள், அடுத்த வருஷம் அத்தனை பேரும் அதே வரிசையில் நிற்கிறார்களா என்று பாருங்கள்.

மனிதர்களுக்கு மட்டும்தான் படம் என்றில்லை. தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு. தொழுவிலிருந்து வருகிற மாடு ஒரு பக்கம், பொட்டலில் அங்கங்கே அவிழ்த்துவிடுகிற கட்டுமாடு ஒரு பக்கம், எது எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாது, அதனால் எங்களுக்கு நீள லென்ஸும் ஏறி நிற்க ஒரு டிராக்டரும் வேண்டும். 2014-ல் உச்ச நீதிமன்றத் தடை வந்து, 2017-ல் மாநிலச் சட்டம் வருகிறவரை, மாடு வளர்த்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. களத்துக்கே போகாத மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் தவிடும் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அப்படி வைத்திருந்த ஒரு விவசாயியின் காளை தடை நீங்கிக் களத்தில் இறங்கியபோது எடுத்த படத்தைப் பிரேம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திமிலில் கட்டியிருந்த துண்டு பறக்க, நாலு காலும் மண்ணில் படாத நேரம். வாங்கியவர் படத்தைத் துண்டால் துடைத்தார். நேராக மாட்டுக் கொட்டகைக்குப் போய்க் காளையின் முகத்துக்கு நேரே பிடித்து, "பாருடா, நீதான்" என்றார். அந்தக் காளை இறந்து அவர்கள் தோட்டத்திலேயே புதைத்திருக்கிறார்கள். பொங்கலுக்குப் பொங்கல் அந்தப் படத்துக்கு மாலை விழுகிறது. எனக்கும் ஒரு படி கடலை வந்துவிடும், நான் வேண்டாம் என்றாலும் கடை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

இப்படி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற பழக்கத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்கக் கூடாது. அவர் எங்கள் தெருவிலேயே ஸ்டுடியோ வைத்திருந்தவர், என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஒரே தெருவில் இரண்டு ஸ்டுடியோ என்றால் முறைத்துக்கொண்டுதான் இருப்போம் என்று எல்லாரும் நினைப்பார்கள். நான் கடை போட்ட அன்றைக்குச் சாயந்திரம் அவரே வந்து, டார்க் ரூமுக்குள் நுழைந்து பார்த்துவிட்டு, கதவு இடுக்கில் வெளிச்சம் வருகிறது, கறுப்புத் துணி அடி என்று சொல்லிவிட்டுத் துணியையும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். முகூர்த்த நாளில் பேட்டரி போனால் அவர் கடையிலிருந்து வரும். ஒரே நாளில் இரண்டு கல்யாணம் கேட்டு வந்தால் ஒன்றை என்னிடம் அனுப்பிவிடுவார், முன்பணத்தைக்கூட வாங்கித் தன் கையில் வைத்துக்கொள்ளாமல் அந்த வீட்டாரையே என்னிடம் கொடுக்கச் சொல்வார்.

அவரிடம் ஒரு வழக்கம். திருவிழாவில் ரோலில் கடைசி நாலைந்து படத்தை யாருக்கும் விற்க மாட்டார். பூக்காரம்மா, ராட்டினம் சுற்றுகிறவர், பழனி நடையில் சிங்கம்புணரி, நத்தம் பக்கம் மோர் ஊற்றிக் கொடுத்த குடும்பம் என்று பார்த்து எடுப்பார். பிரிண்ட் போட்டுப் பழுப்புக் கவரில் வைத்து, கவர்மேல் பெயர் தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் "கொப்புடையம்மன் கோவில் வாசல், நீலச் சேலை, பிச்சிப்பூ" என்று எழுதி வைத்துக்கொள்வார். அடுத்த தடவை அந்தப் பக்கம் போகும்போது தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வருவார். காவடியோடு பழனிக்கு நடந்து போய்விட்டு நடந்தே திரும்புகிற நகரத்தார் கூட்டத்தில் ஒருவரை, திரும்பி வருகிற வழியில் மறித்துப் படம் கொடுத்ததை நான் கூட இருந்து பார்த்தேன். கால் கொப்பளத்தோடு நின்ற அந்த மனிதர் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆயுத பூஜைக்கு இன்றைக்கும் இரண்டு கடைக் கேமராவும் ஒரே மேசையில்தான். லென்ஸை மூடி, உடம்பில் மட்டும் சந்தனப் பொட்டு வைத்து, பழைய எக்ஸ்போஷர் மீட்டர், கத்தரி, டிரிம்மர் எல்லாவற்றையும் அடுக்கிப் பொரிகடலை வைத்துக் கும்பிடுவோம். அண்ணன் கடையை மூடிவிட்டார், கண்ணில் பார்வை குறைந்துவிட்டது. ஆனாலும் அன்றைக்குத் தன் பழைய கேமராவை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். சோறு போட்ட பொருளுக்கு வருஷத்தில் ஒரு நாள் நன்றி சொல்கிறோமே, அந்தச் சோறு யார் முகத்தால் வந்தது என்று அவர்தான் ஒருமுறை என்னைக் கேட்டார்.

2020-ஐ யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பங்குனித் திருவிழா நின்றது, கல்யாணத்துக்கு ஐம்பது பேர் என்றார்கள், ஸ்டுடியோ மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. வாடகைக்கு வழியில்லாத அந்த நேரத்தில் என் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் அரிசி, காய்கறி, ஒரு குடம் பால் என்று கொண்டுவந்து வைத்தவர்களில் பாதிப் பேர் நாங்கள் எப்போதோ கவரில் படம் கொடுத்தவர்கள். ஒரு பூக்காரம்மா வந்து, "எம்புள்ள கல்யாணத்துல நீங்க குடுத்த போட்டோ வீட்ல இருக்கு தம்பி, இத வச்சுக்கங்க" என்று இருநூறு ரூபாயை என் பையில் திணித்தார். வாங்க மாட்டேன் என்றதற்குக் கோபித்துக்கொண்டார். வாங்கிக்கொண்டேன்.

பத்திரிகைப் படக்காரர்களுக்கு நேரமில்லை என்பது எனக்கும் தெரியும். மதியத்துக்குள் படம் அனுப்ப வேண்டும், அடுத்த ஊருக்கு ஓட வேண்டும். ஆனாலும் பெயரும் ஊரும் கேட்டு எழுதிக்கொள்ள அரை நிமிஷம் போதும். கேட்டால் சிலர் வேண்டாம் என்பார்கள், குறிப்பாக வீட்டுப் பெண்கள், குழந்தை வைத்திருப்பவர்கள். அப்போது கேமராவை இறக்கிவிட வேண்டியதுதான், அவர்கள் வீட்டுப் பண்டிகை அது, நாம் விருந்தாளி. 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன, கேமராவோடு வருகிறவர்களுக்கும் குறைவில்லை. கானாடுகாத்தான் வீதியிலும் ஆத்தங்குடித் தரைக்கல் செய்கிற பட்டறையிலும் ஒரு நாளில் எத்தனையோ பேர் எடுக்கிறார்கள். கண்ணாடிமேல் வண்ணத்தை ஊற்றிக் கையாலேயே பூ வரைகிற அந்தத் தொழிலாளியின் படம் உலகமெல்லாம் சுற்றுகிறது. அவரிடமே ஒருநாள் கேட்டேன், உங்களிடம் ஒன்றாவது இருக்கிறதா என்று. சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினார். அடுத்த வாரம் அண்ணன்தான் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, இரண்டு காரியம் செய்யுங்கள். வருகிற தீபாவளிப் பக்கங்களிலிருந்து படத்தில் இருப்பவர் சம்மதித்தால் அவர் பெயரையும் ஊரையும் படத்துக்குக் கீழே போடுங்கள். அந்தப் பக்கம் வந்த நாளிதழ் ஒன்றும் பிரிண்ட் ஒன்றும் அவருக்குப் போய்ச் சேர ஏற்பாடு செய்யுங்கள், தபால் செலவு பெரிதாக வராது, உங்கள் முகவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அத்துடன், உங்கள் அலுவலகத்தில் பல வருஷத்துச் செட்டிநாட்டுப் படங்கள் பெயரில்லாமல் கிடக்கும். அவற்றை எங்களுக்கு அனுப்பி வையுங்கள். அண்ணனுக்குப் பார்வைதான் மங்கல், படத்தில் என்ன இருக்கிறது என்று நான் சொன்னால் எந்தத் தெரு, யார் வீடு என்று சொல்லிவிடுவார். பிரிண்ட் போடுவது என் செலவு, கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் இருவர் பொறுப்பு.

இப்படிக்கு,
புகைப்படக்காரர் ஒருவர்,
காரைக்குடி